"பாசிட்டிவா இருந்தா பிரஷர் குறையுமா, சிஸ்டர்?" – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுத் திண்ணையில் பிரஷர் மிஷினோடு உட்கார்ந்திருப்பேன். வாக்கிங் போய்த் திரும்புகிறவர்கள், அக்கம்பக்கத்து ஆச்சிகள், சில நாள் கோட்டையூர், கானாடுகாத்தானிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் என்று பதினைந்து இருபது பேர் வந்து கையை நீட்டுவார்கள். அளவு எடுக்கும்போது பேசக்கூடாது, பேசினால் ஏறும் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. கொஞ்ச காலமாக அந்தப் பேச்சு "பாசிட்டிவா நினைச்சா..." என்றே ஆரம்பிக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

1. பாசிட்டிவ் திங்கிங்னா எந்நேரமும் சிரிச்ச முகமா இருக்கணுமா?

வேண்டியதில்லை. அப்படி இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள். போய்ச் சேர்ந்துவிடுவோம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. அதே சமயம் காலில் கொப்புளம் போடும் என்பதிலும் சந்தேகம் கிடையாது. அதனால்தான் பையில் தேங்காய் எண்ணெயும் பஞ்சும் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். "கொப்புளமே வராது" என்று சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு போகிறவர் குன்றக்குடி தாண்டியதும் உட்கார்ந்துவிடுவார். "கொப்புளம் வந்துவிடுமே" என்று பயப்படுகிறவர் வீட்டை விட்டே கிளம்ப மாட்டார். நான் சொல்கிற பாசிட்டிவ் சிந்தனை எண்ணெயும் பஞ்சும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவருடையது. இந்த எண்ணெய்-பஞ்சு கதையைக் கீழே பல இடத்தில் இழுப்பேன், மறந்துவிடாதீர்கள்.

2. மனசுல நினைக்கிறதுக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்? மனசு வேற, ரத்தம் வேறதானே?

போன மாதம் ஓர் ஆச்சி வந்தார்கள். வரும் வழியில் மருமகளோடு போனில் வாக்குவாதம். உட்கார்ந்த உடனே எடுத்தேன்: 168-க்கு 100. ஆச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்காரச் சொன்னேன். மூச்சை மெதுவாக, நிமிடத்துக்கு ஆறு ஏழு முறை மட்டும் இழுத்து விடச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்தால் 144-க்கு 88. ரத்தம் அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

உள்ளே நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. கொஞ்சம் தாமதமாகக் கார்ட்டிசால் வந்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. எதிரில் வருவது மாடா, மருமகளின் போனா என்று உடம்புக்குத் தெரியாது. எப்போதாவது நடந்தால் கெடுதல் இல்லை, அது நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடுதான். நாள் முழுக்க, வருஷம் முழுக்க நடந்தால்தான் தூக்கம் கெட்டு, பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காமல் போகும்.

3. இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா, இல்ல வாட்ஸ்அப்ல வர்ற கதையா?

வாட்ஸ்அப்பில் வருவதில் பாதி கதை. ஆனால் உண்மையான ஆய்வுகளும் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது 2001-ல் வெளியான கன்னியாஸ்திரிகள் ஆய்வு. அமெரிக்காவில் 180 கன்னியாஸ்திரிகள் இளம் வயதில் தங்கள் கைப்பட எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளை எடுத்து, அதில் மகிழ்ச்சி, நன்றி, எதிர்பார்ப்பு போன்ற உணர்வுகள் எவ்வளவு இருக்கின்றன என்று எண்ணினார்கள். எழுதியபோது வயது இருபதுகளில். அறுபது ஆண்டு கழித்துப் பார்த்தால், நல்லுணர்வை அதிகம் எழுதியவர்கள் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். எனக்கு இது ஏன் பிடிக்கும் என்றால், எல்லோரும் ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி வீடு, புகை கிடையாது, பிள்ளைப்பேறு கிடையாது. வசதியானவள் நீண்ட நாள் வாழ்ந்தாள் என்று தள்ளிவிட முடியாது.

2003-ல் இன்னொன்று. 334 பேரின் மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டாக விட்டு, தனித்தனி அறையில் வைத்துப் பார்த்தார்கள். உற்சாகமான, நிதானமான சுபாவம் உள்ளவர்களுக்குச் சளி பிடித்தது குறைவு. 2019-ல் 15 ஆய்வுகளை, மொத்தம் 2,29,391 பேரை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். நம்பிக்கையோடு இருப்பவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு 35 சதவீதம் குறைவாக இருந்தது.

4. அப்ப நல்லா நினைச்சா ஆயுசு கூடும்னு எழுதிக் குடுப்பீங்களா?

மாட்டேன். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு நம்பிக்கை இயல்பாகவே வரும். முட்டி வலிக்காதவருக்கு நாளைக்கு நல்ல நாள் என்று தோன்றுவதில் என்ன ஆச்சரியம்? எது முன்னால், எது பின்னால் என்று பிரிப்பது கஷ்டம். மேலே சொன்ன ஆய்வுகள், நம்பிக்கையும் ஆரோக்கியமும் சேர்ந்து இருக்கின்றன என்றுதான் காட்டுகின்றன, ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நிரூபிக்கவில்லை.

2019-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் சுமார் 70,000 பெண்களையும் 1,429 ஆண்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மிகுந்த நம்பிக்கை உள்ளவர்கள், மிகக் குறைவாக உள்ளவர்களைவிடச் சராசரியாக 11 முதல் 15 சதவீதம் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். புகை, மது, சாப்பாடு, உடற்பயிற்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்தபோது அந்த வித்தியாசம் சுருங்கியது, ஆனால் முழுக்க மறையவில்லை. அப்படிக் கழிந்துபோன பங்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம்பிக்கை உள்ளவர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், நடக்கிறார், ராத்திரி தூங்குகிறார், ஏனென்றால் செய்தால் பலன் உண்டு என்று நினைக்கிறார். "எப்படியும் போகப்போறதுதானே" என்று நினைக்கிறவர் மாத்திரை அட்டையை அலமாரியில் மறந்துவிடுகிறார். என் திண்ணையில் இந்த இரண்டு வகையையும் வாராவாரம் பார்க்கிறேன். நல்ல நினைப்பின் ஒரு பங்கு கை, கால் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது.

5. அப்படின்னா பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டு மனசைப் பழக்கிக்கிடலாமா?

கூடாது. ஆச்சிக்கு 168 இறங்கி 144 ஆனது என்று சொன்னேனே, 144-ம் அதிகம்தான். மூச்சுப் பயிற்சிக்குப் பிறகும் அவர்களுக்கு மாத்திரை வேண்டியிருந்தது. அளவு தொடர்ந்து நன்றாக இருந்தால் குறைப்பதா வேண்டாமா என்று டாக்டர் சொல்லட்டும். நானும் சொல்லக்கூடாது, யூடியூப்பும் சொல்லக்கூடாது.

6. எங்க வீட்டுக்காரர் ரொம்பப் பாசிட்டிவ். "எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னுட்டு கல்யாண வீட்ல கந்தரப்பம் (வெல்லப் பணியாரம்) நாலு சாப்பிடுறாரு. சுகர் 280. இது நல்லதா?

இது எண்ணெய்-பஞ்சு இல்லாமல் பழனிக்குக் கிளம்புகிற கூட்டம். "மற்றவர்களுக்கு வரும், எனக்கு வராது" என்று மனிதர்கள் சராசரியாக நினைப்பார்கள் என்பதை 1980-லேயே ஆராய்ச்சி செய்து காட்டியிருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களிடம் கேட்டால், நல்லது நடக்கும் வாய்ப்பு தங்களுக்குக் கூடுதல், கெட்டது நடக்கும் வாய்ப்பு தங்களுக்குக் குறைவு என்றே பெரும்பாலும் சொன்னார்கள். எல்லோருக்கும் சராசரியைவிட நன்றாக எப்படி நடக்கும்?

உங்கள் வீட்டுக்காரரோடு சண்டை போடாதீர்கள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் நானும் நினைக்கிறேன், அதுக்குத்தான் ஒண்ணோட நிறுத்துங்க" என்று சொல்லிப் பாருங்கள். கந்தரப்பம் ஒன்றும் கெட்ட பண்டம் இல்லை. நாலுதான் கெட்டது.

7. எனக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம். 63 வயசுக்கு மேல மாறுமா?

சுபாவத்தில் கொஞ்சம் பிறப்போடு வருவது உண்மை. ஒன்றாக வளர்ந்த இரட்டையர்களையும் பிரிந்து வளர்ந்த இரட்டையர்களையும் வைத்து ஸ்வீடனில் ஆராய்ந்தபோது, நம்பிக்கைச் சுபாவத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் பரம்பரை என்று வந்தது. மீதி முக்கால் பங்கு வளர்ப்பு, அனுபவம், பழக்கம்.

பயந்தவராக இருப்பதில் ஒரு சௌகரியமும் உண்டு. பயந்தவர்கள் பரிசோதனைக்கு ஒழுங்காக வருகிறார்கள். அதை விட்டுவிடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு "அப்படி ஆகிவிட்டால்" என்று சங்கிலியாக ஓட்டுவதை மட்டும் குறைத்தால் போதும். அதற்கு அடுத்த பதில்.

8. சரி, எப்படித்தான் ஆரம்பிக்கிறது? தியானமெல்லாம் எனக்கு வராது சிஸ்டர்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். படுக்குமுன் அன்றைக்கு நடந்த நல்லது மூன்று எழுதுங்கள். பெரிதாக எதுவும் வேண்டாம். நான் சொல்லி ஆரம்பித்த ஆச்சி ஒருவரின் நோட்டில் இருந்ததை அவர்கள் சம்மதத்தோடு தருகிறேன்: "தண்ணி நேரத்துக்கு வந்துச்சு. பேத்தி போன்ல தமிழ் பேசுச்சு. சிஸ்டர் வீட்டுக் காப்பி நல்லா இல்ல, ஆனா சூடா இருந்துச்சு." இப்படி எழுதினால் போதும். "எல்லாம் நன்மைக்கே" என்று பொதுவாக எழுதினால் பிரயோஜனம் இல்லை, அன்றைக்கு நடந்ததாக இருக்கவேண்டும். நன்றியோடு நினைக்க வேண்டியதை வாராவாரம் எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட மனம் தெளிவாக இருந்ததாக 2003-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது.

இரண்டாவது, மூளைக்குள் ஓடுகிற வாக்கியத்தைப் பிடித்துத் திருத்துவது. நொந்துபோன பேச்சில் மூன்று சொல் திரும்பத் திரும்ப வரும்: எப்பவும், எல்லாமும், என்னாலதான். "எனக்கு எப்பவுமே இப்படித்தான், எல்லாமே போச்சு, எல்லாம் என்னாலதான்." இந்த மூன்றும் உண்மையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எப்பவுமேவா, இல்லை இந்த மாதமா? எல்லாமேவா, இல்லை முட்டி மட்டுமா? மகன் பொய் சொன்னால் வக்கீல் மாதிரி எப்படிக் குறுக்கு விசாரணை செய்வீர்களோ, அப்படி உங்கள் மனதையும் செய்யுங்கள்.

மூன்றாவது, ஆசையோடு தடையையும் சேர்த்து நினைப்பது. உடல் எடை குறைக்க வந்த 25 பெண்களை 1991-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு வருஷம் பார்த்தார்கள். குறைத்துவிடுவோம் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகக் குறைத்தார்கள். மெலிந்து அழகாக ஆகிவிட்டதாகக் கனவு மட்டும் கண்டவர்களுக்குக் குறைந்தது கம்மி. கனவிலேயே பாதி திருப்தி வந்துவிடுகிறது போல. ஆகவே "தினம் நடப்பேன்" என்று நினைத்தவுடன், "எது தடுக்கும்?" என்றும் நினையுங்கள். மழை என்றால் வளவுக்குள்ளேயே, வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றி, இருபது சுற்று. செட்டிநாட்டு வீட்டில் நடக்க இடமில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லக்கூடாது.

9. கண்ணாடி முன்னாடி நின்னு "நான் ஆரோக்கியமா இருக்கேன், நான் சந்தோஷமா இருக்கேன்"னு நூறு தடவை சொல்லச் சொல்றாங்களே?

உங்களுக்கு அது நல்லதாகப் பட்டால் சொல்லுங்கள். ஆனால் தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கிறவர்கள் "நான் அன்புக்குரிய ஆள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது முன்பைவிட மோசமாக உணர்ந்ததாகக் கனடாவில் செய்து 2009-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வாய் ஒன்று சொல்ல, மனசு "பொய், பொய்" என்று எதிர்ப்பேச்சு பேசுகிறது. மனசு ஒப்புக்கொள்கிற வாக்கியமாகச் சொல்லுங்கள்: "நேற்றுப் பத்து நிமிஷம் நடந்தேன், இன்றைக்கும் நடப்பேன்." நூறு தடவை வேண்டாம்.

10. எங்க அப்பத்தா கெட்டதை வாயால சொல்லவே விடாது. "வாயைக் கழுவு, தேவதை ததாஸ்துன்னு (அப்படியே ஆகட்டும்னு) சொல்லிடும்"கும். டாக்டர்கிட்டயும் சொல்லக்கூடாதா?

"போறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வர்றேன்" என்று சொல்கிற ஊர் இது. அந்த மரபில் எனக்கு ஆசை உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் கல்யாணப் பந்தலிலும் நல்ல சொல் சொல்வதில் ஒரு தெம்பு இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் டாக்டர் அறைக்குள் அது ஆபத்து. வார்டில் நான் பார்த்த கொடுமை இதுதான்: நெஞ்சு வலி என்று வாயால் சொல்லப் பயந்து, "கேஸ்" என்று சொல்லி, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு, ஆறு மணி நேரம் கழித்து வருகிறவர்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பில் வலி சரியாகத் தெரியாமலும் போகலாம். மூச்சு வாங்கல், திடீர் வியர்வை, தாடை வலி, காரணமில்லாத அசதி மட்டும் இருக்கலாம். அந்த நேரத்தில் நல்ல சொல் என்றால் "108-க்குப் போன் பண்ணு" என்பதுதான். அப்பத்தாவிடம், தேவதைக்கு ததாஸ்து சொல்ல வேண்டியது "டாக்டர் கண்டுபிடிச்சுட்டாரு" என்ற வாக்கியத்துக்கு என்று சொல்லுங்கள்.

11. ஏழரைச் சனி நடக்குது. இப்பப் போய் நல்லதா எப்படி நினைக்கிறது?

சனிக்கிழமை எள் தீபம் போடுங்கள், மாத்திரையும் போடுங்கள். ஜோசியத்தோடு எனக்கு வழக்கு இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஏழரைச் சனிக்குக்கூட ஏழரை வருஷம் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அப்புறம் விலகிவிடும் என்றுதான் ஜோசியரே சொல்கிறார். 8-ம் பதிலில் சொன்ன "எப்பவும்" என்ற சொல் அவர் வாயிலேயே இல்லை. நீங்கள் ஏன் சேர்த்துக்கொள்கிறீர்கள்?

12. எங்க ஐயா 1942-ல ரங்கூன்ல கடை கண்ணி எல்லாத்தையும் விட்டுட்டு நடந்தே வந்தவுக. எந்த வகுப்புக்குப் போயி பாசிட்டிவ் படிச்சாக?

நல்ல கேள்வி, என்னை மடக்கிய கேள்வியும்கூட. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பர்மாவிலிருந்து கால்நடையாகக் கிளம்பியவர்களில் வழியிலேயே இறந்துபோனவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். வந்து சேர்ந்தவர்களிலும், மறுபடி கடை வைத்தவரின் கதைதான் வீட்டில் சொல்லப்படுகிறது. திரும்பி வந்து வீட்டின் இரண்டாங்கட்டில் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்து முப்பது வருஷம் கழித்தவரின் கதையை யாரும் சொல்வதில்லை. ஆகவே அந்தக் காலத்தில் எல்லோரும் இரும்பு மனசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எழுந்தவர்களுக்கு என்ன துணை இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். வளவு நிறைய ஆட்கள், அடுத்த நாள் காலையில் செய்ய ஒரு வேலை, கோயிலில் ஒரு பங்கு. வகுப்பு தேவைப்படாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

13. அதேதான் எனக்கு இல்ல. நாப்பது ரூம் வீட்ல நானும் வேலைக்காரம்மாவும். பிள்ளைக சிங்கப்பூர், அமெரிக்கா. எதை நல்லதா நினைக்க?

இதற்கு "நல்லதை நினையுங்கள்" என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தனிமை நினைப்பினால் வருவதில்லை, ஆள் இல்லாததால் வருவது. நீண்ட நாள் தனிமை இதயத்துக்கும் கெடுதல், நினைவாற்றலுக்கும் கெடுதல் என்று மருத்துவம் இப்போது ஒப்புக்கொள்கிறது.

ஆகவே ஆளைச் சேருங்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கொட்டான் (ஓலைக்கூடை) பின்னச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பனை ஓலை, சாயம், வண்ண நூல் எல்லாம் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) பரப்பிக் கிடக்கும். பிள்ளைகள் சத்தம் போடும், ஆச்சி திட்டுவார்கள். முன்பு வாரம் மூன்று முறை "படபடப்பா இருக்கு" என்று எனக்குப் போன் வரும். இப்போது போன் வருவதே இல்லை, நான்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர்களுக்குக் கொட்டான் என்றால் உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும். வாரத்தில் மூன்று நாள், குறித்த நேரத்தில், உங்களை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கிற மாதிரி ஒரு காரியம்.

14. தைரியமா இருந்தா கேன்சர் குணமாகிடும்கிறாங்க. என் தங்கச்சி அழுதுக்கிட்டே இருக்கா. அதனால கூடிடுமோ?

கூடிவிடாது. அழுவதால் கட்டி வளராது. தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 1,093 பேரை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். மனநிலை நன்றாக இருந்தவர்கள் அதனால் அதிக காலம் வாழவில்லை, மனநிலை குன்றியவர்கள் அதனால் சீக்கிரம் போகவும் இல்லை. மேலே இதயத்துக்குச் சொன்னதை அப்படியே புற்றுநோய்க்குத் தூக்கி வைக்கமுடியாது.

நம்பிக்கை உதவுகிற இடம் வேறு. அடுத்த கீமோவுக்குப் போக, இரண்டு வாய் கஞ்சி குடிக்க, வலியை டாக்டரிடம் சொல்ல அது உதவும். ஆனால் "நீ தைரியமா இல்லாததாலதான்" என்ற பேச்சு உங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவிடாதீர்கள். நோயோடு பழியையும் அவள் தலையில் ஏற்றுவது பாவம். பக்கத்தில் உட்காருங்கள், அழட்டும்.

15. நான் எதைச் சொன்னாலும் வீட்ல "பாசிட்டிவா இரு"ன்னு வாயை அடைக்கிறாங்க. கோவமா வருது.

வரத்தான் செய்யும். அது ஆறுதல் மாதிரித் தெரியும், உண்மையில் பேச்சை முடித்துவைக்கிற தந்திரம். மனதில் அழுத்தி வைத்ததை யாரிடமும் காட்டாமல், நாலு நாள், பதினைந்து இருபது நிமிஷம் எழுதித் தீர்க்கும் முறையை 1980-களிலிருந்து ஆராய்ந்து வருகிறார்கள். எழுதிய அன்று கனமாக இருக்கும், சில வாரம் கழித்துப் பலருக்கு லேசாகிறது. 8-ம் பதிலில் சொன்ன நோட்டிலேயே பின்பக்கத்திலிருந்து எழுதுங்கள். முன்பக்கம் தண்ணி வந்த கதை, பின்பக்கம் வயிற்றெரிச்சல். இரண்டும் ஒரே நோட்டில் இருக்கலாம்.

16. நோட்டு, நடை எல்லாம் பார்த்துட்டேன். ஒண்ணும் எடுபடல. எழுந்திருக்கவே பிடிக்கல.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் இருண்டு கிடந்தால், பிடித்தது எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், தூக்கமும் பசியும் மாறினால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நோயை நினைப்பால் விரட்ட முடியாது. வயதானவர்களுக்கு அது சோகமாகத் தெரியாமல் உடம்பு வலியாக, மறதியாகத் தெரியலாம். தைராய்டு குறைவும் வைட்டமின் பி12 குறைவும் இதே மாதிரி காட்டும், அதனால் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். டாக்டரிடம் வாருங்கள், நான் கூட வருகிறேன். செத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றினாலும் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலிமானஸ், இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.

17. எத்தனை நாள்ல பிரஷர் மிஷின்ல தெரியும்?

மூச்சு மெதுவாக விட்டால் பத்து நிமிஷத்தில் தெரியும், ஆனால் நிற்காது. நடை, தூக்கம், ஒழுங்கான மாத்திரை என்று போனால் இரண்டு மூன்று மாதத்தில் சராசரி இறங்குவதைப் பார்க்கலாம். ஒரு நாள் அளவை வைத்துக் கொண்டாடவும் வேண்டாம், அழவும் வேண்டாம். தேதி போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். வருவதற்கு அரை மணி நேரத்துக்குள் காப்பி குடிக்காதீர்கள். என் வீட்டுக் காப்பியைப் பற்றி ஏற்கெனவே நோட்டில் ஏறிவிட்டது, அளவு எடுத்த பிறகே தருகிறேன்.